பர்மாவிலிருந்து நடந்தே வந்தார்கள், எந்த வழியாக?

வடசென்னையில் கொஞ்சம் பழைய குடும்பங்களோடு பேச்சுக் கொடுத்தால், "எங்க தாத்தா பர்மாவுல இருந்து நடந்தே வந்தாரு" என்று சொல்ல யாராவது ஒருவர் இருப்பார். எந்த மாதம் கிளம்பினார், எந்த மலையைத் தாண்டினார், எங்கே ரயில் பிடித்தார் என்று அடுத்துக் கேட்டால் பேச்சு நின்றுவிடும். காடு, மழை, வழியில் விட்டுவிட்டு வந்த ஒரு குழந்தை, அப்புறம் நேராக சென்ட்ரல் ஸ்டேஷன். நடுவில் உள்ளதெல்லாம் காணாமல் போயிருக்கும். எங்கள் வீட்டிலும் இதே கதைதான்.

போர்க்காலத்தில் தாத்தா பாட்டி போன பாதையில் பேரப்பிள்ளைகள் நடப்பது பல நாடுகளில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. நாஜிகளிடமிருந்து தப்பியவர்கள் பிரனீஸ் மலையைக் கடந்து ஸ்பெயினுக்குள் இறங்கிய "விடுதலைப் பாதை"யில், பிரான்சின் செயின்ட் ஜிரோன் ஊரிலிருந்து ஜூலை மாதம் நான்கு நாள் நடக்கிறார்கள். பப்புவா நியூ கினியில் 1942-இல் ஜப்பானியர்களோடு சண்டை நடந்த, 96 கி.மீ. நீளமுள்ள கொக்கோடா தடத்துக்கு ஆஸ்திரேலியர்கள் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். பிலிப்பைன்ஸில் 1942 ஏப்ரலில் ஜப்பானியர்கள் போர்க்கைதிகளை நடத்திக் கொண்டுபோன பட்டான் மரண அணிவகுப்பை நினைத்து, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் 1989 முதல் ஒரு மாரத்தான் தூரம் நடக்கிறார்கள். அதே 1942 ஏப்ரலில் இங்கே லட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவிலிருந்து மலை ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பெயரில் அப்படி ஒரு நடை இல்லை. ஏன் இல்லை என்பது ஒரு கேள்வி. நடக்க நினைத்தால் எங்கே நடப்பது என்பது அதைவிடச் சிக்கலான கேள்வி.

1931 கணக்கெடுப்பின்படி பர்மாவில் இருந்த இந்தியர்கள் 10,17,825 பேர். ரங்கூனின் ஜனத்தொகை அப்போது சுமார் 4 லட்சம். அதில் பாதிக்கு மேல் இந்தியர்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களில் தெலுங்கர்கள் அதிகம். அரிசி ஆலை, வயல், ரயில்வே, சின்னச் சின்னக் கடைகள் என்று தமிழர்கள் பரவியிருந்தார்கள். கீழ்ப் பர்மாவின் நெல் வயல்களில் ஏறத்தாழ கால்வாசி 1930களின் கடைசியில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கைக்குப் போயிருந்தது. இவர்கள் எல்லோரும் போனதும் வந்ததும் கப்பலில். பர்மாவையும் இந்தியாவையும் இணைத்து ரயிலும் கிடையாது, எல்லாக் காலத்திலும் போகக்கூடிய சாலையும் கிடையாது. மதராஸிலிருந்து போனவருக்கு வங்காள விரிகுடாதான் வழி. இரண்டு நாட்டுக்கும் நடுவில் இப்படி ஒரு மலை இருக்கிறது என்பதையே பலர் 1942-இல்தான் தெரிந்துகொண்டார்கள்.

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூன்மேல் குண்டு போட்டன. இரண்டு நாள் கழித்து, கிறிஸ்துமஸ் அன்று, மறுபடியும். வானத்தில் சண்டையைத் தெருவில் நின்று வேடிக்கை பார்த்த கூட்டத்தின்மேல் குண்டு விழுந்ததால் முதல் நாளிலேயே சாவு அதிகம். நகரம் காலியாகத் தொடங்கியது. ஆனால் கூலிக்காரர்கள் போய்விட்டால் துறைமுகம் நின்றுவிடுமே! வடக்கே நடக்கத் தொடங்கியவர்களை அரசு சமாதானம் சொல்லித் திருப்பிக் கூட்டிவந்தது. கப்பலில் தளப் பயணியாக, அதாவது மேல்தளத்தில் உட்கார்ந்து போகும் மலிவு டிக்கெட்டில், ஏற வந்த வயதுவந்த ஆண்களுக்குத் தடை போட்டது. கையில் காசு உள்ளவர்கள் விமானத்திலும் கேபின் டிக்கெட்டிலும் போய்ச் சேர்ந்தார்கள். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச் 7-இல் ரங்கூனைக் கைவிட்டார்கள், மறுநாள் ஜப்பான் படை உள்ளே வந்தது. அதோடு கடல்வழி முடிந்தது. மீதமிருந்தவர்களுக்குக் கால்தான்.

இங்கிருந்துதான் குடும்பக் கதைகள் ஒன்றோடொன்று குழம்புகின்றன. "பர்மா வழி நடை" என்று ஒரே ஒரு பாதை இருந்ததில்லை. குறைந்தது மூன்று திசைகள், மூன்று வெவ்வேறு பருவங்கள், மூன்று விதமான சாவு.

முதலாவது அரக்கான் வழி. ரங்கூனிலிருந்து புரோம் (இப்போது பியே), அங்கிருந்து மலைத்தொடரைத் தாண்டிச் சுமார் 175 கி.மீ. நடந்து கடற்கரை ஓரம் டவுங்குப். பிறகு படகிலோ நடந்தோ அக்யாப், முடிவில் சிட்டகாங். ஜனவரி முதல் மார்ச் வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்த வழியில் போனார்கள். வெயில் காலம். மலையில் தண்ணீர் இல்லை, கூட்டம் பெருகியதும் காலரா வந்தது. உங்கள் வீட்டுக் கதையில் தாகம், வாந்திபேதி, படகு, கடல் என்று வந்தால் அது பெரும்பாலும் இந்த வழி. சிட்டகாங் என்ற பெயர் ஒருமுறை காதில் விழுந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

இரண்டாவது மணிப்பூர் வழி. ரங்கூன் போனபின் எல்லோரும் வடக்கே மாண்டலேக்கு ஒதுங்கினார்கள். ஏப்ரல் 3, புனித வெள்ளியன்று மாண்டலே குண்டுவீச்சில் எரிந்தது. அதற்குப்பின் மொனிவா, சின்ட்வின் ஆற்றங்கரையில் கலேவா, கபா பள்ளத்தாக்கு, எல்லையில் டாமு, மலையேறி பாலேல், இம்பால், கடைசியில் டிமாபூர் ரயில் நிலையம். கலேவாவிலிருந்து டாமு மட்டுமே சுமார் 150 கி.மீ. மே நடுவில் மழை பிடித்துக்கொண்டது. கதையில் சேறு, அட்டை, குளிர்காய்ச்சல், மூட்டையைத் தூக்கி எறிந்தது என்று வந்தால் இந்தப் பக்கம் பார்க்கலாம்.

மூன்றாவது ஹூகாவ்ங் வழி. இந்த மூன்றில் எதுவும் எளிதாக இருக்கவில்லை, இது கொடூரம். மே 8-இல் மிச்சினா விழுந்ததும் விமானத்துக்காக அங்கே காத்திருந்தவர்கள் வடமேற்கே ஹூகாவ்ங் பள்ளத்தாக்கில் இறங்கி, பாங்சாவ் கணவாய் வழியாக அசாமின் லீடோவை நோக்கி நடந்தார்கள். முழு மழைக்காலம். ஷிங்புவியாங் என்ற இடத்தில் ஆறுகள் பெருகி வழி அடைபட்டுப் பலர் மாதக்கணக்கில் கிடந்தார்கள். போன எண்ணிக்கை மற்ற இரண்டைவிடக் குறைவு, இறந்த விகிதம் மிக அதிகம். இன்னும் கிழக்கே சௌக்கான் கணவாய்ப் பக்கம் போனவர்களை கைல்ஸ் மேக்ரெல் என்ற தேயிலைத் தோட்டக்காரர் யானைகளைக் கொண்டு டாபா ஆற்றைக் கடக்கவைத்துக் காப்பாற்றினார். அவருக்கு ஜார்ஜ் பதக்கம் கிடைத்தது. பெரிய காரியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் ஆங்கிலத்தில் இந்தப் பெருநடையைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே காப்பாற்றியவரின் பெயர் முதலில் வரும். காப்பாற்றப்படாதவர்களுக்குப் பெயரே இருக்காது.

மொத்தம் எத்தனை பேர்? 4 லட்சத்திலிருந்து 5 லட்சம் வரை என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்படும் கணக்கு. வழியில் இறந்தவர்கள் 10,000 என்று தொடங்கி 50,000-க்கும் மேல் என்பது வரை மதிப்பிடுகிறார்கள். இவ்வளவு பெரிய இடைவெளி ஏன் என்றால், யாரும் எண்ணவில்லை. ராணுவத்தில் ஒருவன் செத்தால் எண் இருக்கும், பட்டியல் இருக்கும். ரோட்டோரம் உட்கார்ந்து எழுந்திருக்காமல் போன ஆலைக் கூலிக்கு என்ன எண்?

எங்கள் தாத்தா விஷயத்தில் துப்புக் கொடுத்தது அத்தை. "மணிப்பூர் ரோடுல ரயில் ஏறுனோம்னு அப்பா சொல்வாருப்பா. ரோடுல எப்படி ரயிலுன்னு நாங்க சிரிப்போம்" என்றார். டிமாபூர் ரயில் நிலையத்துக்கு அந்தக் காலத்தில் பெயரே மணிப்பூர் ரோடு. அந்த ஒரு சொல்லில் டவுங்குப்பும் லீடோவும் கழன்று விழுந்தன. பாதை டாமு, பாலேல், இம்பால் என்று உறுதியானது.

அதனால் அந்த வழியைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்லலாம். பாலேலுக்கும் டாமுவுக்கும் இடையே மலை சுமார் 65 கி.மீ. 1942 தொடக்கத்தில் அங்கே இருந்தது கழுதைப் பாதை. லாரி போகிற சாலை அப்போதுதான் அவசரம் அவசரமாக வெட்டப்பட்டுக்கொண்டிருந்தது. வெட்டியவர்களில் பெரும்பாலோர் அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள். இந்தியத் தேயிலைச் சங்கம் தோட்டங்களிலிருந்து ஆளை அனுப்பி, சாலை வேலையோடு அகதி முகாம்களையும் நடத்தியது. முகாமில் கஞ்சி, டீ, முடிந்தால் மருந்து. தோட்டத்துக்குக் கூலியாக வந்த ஒரு கூட்டம் பர்மாவுக்குக் கூலியாகப் போன இன்னொரு கூட்டத்துக்கு அரிசி பொங்கிப் போட்டது என்று நினைத்துப் பாருங்கள்.

அந்த உதவியிலும் நிறம் பார்த்தார்கள். ஐரோப்பியர்களுக்கும் ஆங்கிலோ இந்தியர்களுக்கும் வசதியான பாதை, வசதியான முகாம். மற்ற இந்தியர்களுக்கு வேறு. "வெள்ளை வழி", "கறுப்பு வழி" என்றே ஜனங்கள் சொன்னார்கள். வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் வெளிநாடுவாழ் இந்தியர் துறையைக் கவனித்த எம். எஸ். ஆனேவும், மத்திய மேல்சபை உறுப்பினர் ஹிருதயநாத் குன்ஸ்ருவும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து இந்த வேறுபாட்டைப் பகிரங்கமாகக் கண்டித்தார்கள். ஏப்ரல் கடைசியில் அலகாபாத்தில் கூடிய அகில இந்திய காங்கிரஸ் கமிட்டியின் கூட்டத்திலும் இது தீர்மானமாக வந்தது. காந்தியும் ஹரிஜன் இதழில் இதை எழுதினார். "வெள்ளையனே வெளியேறு" என்று ஆகஸ்டில் கிளம்பிய கோபத்துக்குள் பர்மா அகதிகளின் கதையும் இருந்தது. பள்ளிப் பாடத்தில் இந்தத் தொடர்பு வருவதில்லை என்பது எனக்கு ஆச்சரியம்.

மே 10-இல் இம்பால்மீதே குண்டு விழுந்தது. ஊர் சிதறியது, முகாம் ஏற்பாடுகள் குலைந்தன. அதற்கு முன்பு வந்தவரா, பின்பு வந்தவரா என்பதைப் பொறுத்து ஒரே பாதையில் நடந்த இருவரின் அனுபவம் முழுக்க வேறாக இருக்கும். முன்பு வந்தவருக்குப் பாலேலிலிருந்து லாரி கிடைத்திருக்கலாம். பின்பு வந்தவர் மழையில், மலேரியாவோடு, அங்கிருந்தும் நடந்திருப்பார். ஆகவே ஊர்ப்பெயர் கிடைத்தால் மட்டும் போதாது, மாதமும் வேண்டும்.

மதராஸ் வந்து சேர்ந்தார்கள் அல்லவா, அங்கே என்ன நிலவரம்? ஏப்ரல் 5-இல் கொழும்பில் குண்டு, 6-இல் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு. அடுத்து மதராஸ்தான் என்று நகரமே ஓட்டம் பிடித்தது. அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்குப் போயின. சென்ட்ரலுக்குப் பக்கத்தில் பார்க் டவுனில் அப்போது இருந்த மிருகக்காட்சி சாலையில், கூண்டு உடைந்தால் ஆபத்து என்று சிங்கம் புலிகளைச் சுட்டே கொன்றார்கள். ஜப்பான் குண்டுக்குப் பயந்து பர்மாவிலிருந்து மாதக்கணக்கில் நடந்து வந்தவர், அதே குண்டுக்குப் பயந்து ஆளில்லாமல் கிடந்த நகரத்தில் வந்து இறங்கினார். இதில் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. பெரும்பாலோர் அங்கே தங்காமல் ராமநாதபுரம், தஞ்சாவூர், திருச்சி என்று சொந்த ஊருக்கு ரயில் மாறினார்கள்.

சரி, இவ்வளவு பெரிய நிகழ்வு சென்னையின் நினைவில் ஏன் மங்கிப்போனது? ஒரு காரணம், இன்னொரு பர்மா நினைவு வந்து இதன்மேல் உட்கார்ந்துகொண்டது. போர் முடிந்ததும் நடந்து வந்தவர்களில் நிறையப் பேர் மறுபடியும் கப்பலேறி பர்மாவுக்கே போய்விட்டார்கள். 1962-இல் நீ வின் ஆட்சியைப் பிடித்து, அடுத்த இரண்டு ஆண்டுகளில் கடைகளையெல்லாம் தேசியமயமாக்கியபோது லட்சக்கணக்கானோர் கையில் ஒன்றுமில்லாமல் திரும்பி வந்தார்கள், இந்த முறை கப்பலில். இன்று பர்மா என்றதும் நமக்கு நினைவுக்கு வருகிற பர்மா பஜாரும், பர்மா காலனிகளும், பாரிமுனைப் பக்கம் தள்ளுவண்டியில் விற்கும் அத்தோவும் இந்த இரண்டாம் அலையினுடையவை. ஒரே குடும்பம் 1942-இல் நடந்தும் 1964-இல் கப்பலிலும் வந்திருக்க முடியும். கேட்கிற பேரனுக்கு இரண்டும் ஒரே கதையாகிவிடும். நேதாஜியோடு நடந்தோம் என்று சொல்லும் வீடுகள் வேறு உண்டு. அது 1945 ஏப்ரல் கடைசியில் ரங்கூனிலிருந்து பாங்காக் பக்கம் பின்வாங்கிய நடை. திசையே நேர் எதிர்.

இன்னொரு காரணம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நினைவு நடை எதுவும் தானாக உருவாவதில்லை. கொக்கோடாவுக்குப் பின்னால் ஒரு ராணுவம் இருக்கிறது, படைப்பிரிவுச் சங்கங்கள் இருக்கின்றன, அரசுப் பணம் இருக்கிறது. பர்மாவிலிருந்து நடந்தவர்களுக்குக் கொடி எது? அவர்கள் விட்டு வந்த நாட்டுக்கு அவர்கள் வெளியாட்கள், வந்து சேர்ந்த நாட்டுக்கு அகதிகள். மணிப்பூர் வழி நெடுக நினைவுச் சின்னங்கள் இருக்கின்றன, ஆனால் அவை 1944-இல் ஜப்பான் படை இம்பால், கொஹிமா வரை வந்தபோது நடந்த போருக்கானவை. கொஹிமா கல்லறையில் 1,420 படைவீரர்களின் கல்லறைகளும், தகனம் செய்யப்பட்ட 917 இந்து, சீக்கிய வீரர்களின் பெயர்களும் உள்ளன. மொய்ராங்கில் ஐ.என்.ஏ. என்கிற நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்துக்கு நினைவகம். சீனாவுக்குப் போக அமெரிக்கர்கள் லீடோவில் 1942 டிசம்பரில் வேலை தொடங்கிய ஸ்டில்வெல் சாலைக்கு வரலாற்றில் தனி இடம்; அதே தடத்தில் சில மாதம் முன்பு விழுந்து கிடந்தவர்களுக்கு இல்லை. நம்ம நந்தம்பாக்கம் போர்க் கல்லறையிலும் 856 கல்லறைகளைப் பளிச்சென்று பராமரிக்கிறார்கள். பராமரிக்கட்டும். பெயர் எழுதியிருந்தால்தான் பராமரிக்க முடியும் என்பதுதான் சிக்கல்.

இப்போது நடக்க நினைப்பவருக்கு. அரக்கான் வழி இன்றைக்கு நடக்கிற காரியம் இல்லை. 2021 ராணுவப் புரட்சிக்குப்பின் ரக்கைன் மாநிலம் (அரக்கானின் இப்போதைய பெயர்) போர்க்களமாகக் கிடக்கிறது. கலேவாவிலிருந்து டாமு வரை 2001-இல் இந்தியா போட்டுக்கொடுத்த நட்புறவுச் சாலை இருக்கிறது, ஆனால் அந்தப் பகுதியிலும் சண்டை. ஹூகாவ்ங் பக்கம் அருணாச்சலத்தின் நம்போங் வரை போய் பாங்சாவ் கணவாயை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பலாம், அவ்வளவுதான்.

மிஞ்சுவது டாமுவை ஒட்டி இந்தியப் பக்கம் உள்ள எல்லை ஊரான மோரேயிலிருந்து இம்பால் 110 கி.மீ., அங்கிருந்து கொஹிமா வழியாக டிமாபூர் சுமார் 210 கி.மீ. இந்த 320 கி.மீ. முழுக்க இந்தியாவுக்குள், தார்ச் சாலையில் வருகிறது. மணிப்பூர், நாகாலாந்து இரண்டுக்கும் ஐ.எல்.பி. என்கிற உள்நுழைவு அனுமதி எடுக்கவேண்டும். 2023 மே மாதம் தொடங்கிய கலவரத்துக்குப் பிறகு மோரேயும், இம்பாலுக்குப் போகிற மலைச் சாலையும் யார் வேண்டுமானாலும் நடக்கலாம் என்ற நிலையில் இல்லை. அதனால் உள்ளூர் ஆட்களிடம் கேட்காமல் டிக்கெட் போடாதீர்கள். நிலைமை கூடிவராவிட்டால் கொஹிமாவிலிருந்து டிமாபூருக்கு இறங்கும் 74 கி.மீ. ஒன்றே போதும் என்பேன். அதுவும் தாத்தா வந்த பாதைதான்.

மோரேயைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அங்கே தமிழ்ச் சங்கம் இருக்கிறது, அங்காளபரமேஸ்வரி கோயில் இருக்கிறது. 1960களில் கப்பலில் வந்து தமிழ்நாட்டு முகாம்களில் ஒட்டமுடியாமல், திரும்ப பர்மாவுக்கே போய்விடலாம் என்று அத்தனை தூரம் போய், எல்லையில் தடுக்கப்பட்டு அங்கேயே தங்கிவிட்டவர்கள் உண்டாக்கிய ஊர்வாழ்க்கை அது. தாத்தாக்கள் எந்த மலையில் இறங்கி வந்தார்களோ அதே மலையில் இவர்கள் எதிர்த்திசையில் ஏறிப் போயிருக்கிறார்கள். நினைவு நடை என்று ஒன்று வந்தால் அது இவர்கள் வாசலில் தொடங்குவதுதான் முறை.

போவதற்கு முன் சென்னையிலேயே செய்யக்கூடிய வேலை நிறைய. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் போர்க்கால மதராஸ் அரசின் கோப்புகளைத் தேடலாம். தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் இணையதளத்தில் அன்றைய வெளிநாடுவாழ் இந்தியர் துறையின் கோப்புகள் பல இருக்கின்றன, வீட்டிலிருந்தே தேடலாம். தாத்தாவின் பெயர் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். எந்த வாரத்தில் எந்த முகாமில் என்ன நிலைமை என்பது கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு அத்தையிடம் மறுபடி போய்ப் பேசினால், முதல் தடவை வராத விஷயங்கள் வரும்.

பருவத்தைப் பற்றி எனக்கே தீர்மானமில்லை. நடக்கச் சுகமான காலம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. தாத்தா வந்தது மே கடைசியில். மே கடைசியில் போனால் மலை சரிந்து சாலை அடைபடும், லாரிகளே நாள்கணக்கில் நிற்கும். நான் ஜனவரியில்தான் போகப்போகிறேன். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, அட்டைக்கடி இல்லாமல், மாலையானால் லாட்ஜில் சுடுதண்ணீர் கேட்டு வாங்கிக் குளித்துவிட்டு, "தாத்தா வழியில் நடந்தேன்" என்று சொல்வதில் பாதி பொய் இருக்கிறது. இருக்கட்டும்.